நிரலைச் சீரமைக்கும் கருவிகள்

ஒருவர் எழுதிய கட்டுரையைத் திருத்துவது இருவகைப்படும். எழுத்துப் பிழையையும் கருத்துப் பிழையையும் நீக்குவது ஒருவகை. பிழையே இல்லாத கட்டுரையை எடுத்துக்கொண்டு, நீண்ட வாக்கியத்தைப் பிரித்தும், ஒரே செய்தி இரண்டிடத்தில் வந்தால் ஒன்றாக்கியும், பொருந்தாத சொல்லுக்குப் பொருந்திய சொல்லை இட்டும் செப்பம் செய்வது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைத் திருத்தத்தால் கட்டுரையின் கருத்து மாறுவதில்லை. படிப்பவர்க்கு அது எளிதில் விளங்குகிறது. கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் நிரல்களுக்கும் இவ்விருவகைத் திருத்தங்கள் உண்டு. அவற்றுள் இரண்டாவதை ரீஃபாக்டரிங் என்பர். நாம் அதனைச் சீரமைப்பு என்று வழங்குவோம். நிரல் செய்யும் வேலை இம்மியும் மாறாதபடி அதன் உள்ளமைப்பை மட்டும் செம்மைப்படுத்துவதே சீரமைப்பு. நிரல் எழுத உதவும் எடிட்டர்கள் இப்பணியில் எவ்வாறு துணைநிற்கின்றன, அவற்றுள் எது எதற்கு ஏற்றது என்பதை இங்கே காண்போம்.

"ஓடுகின்ற நிரலை ஏன் தொட வேண்டும்?" என்று மாணவர் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆயினும் நிரல் என்பது ஒருமுறை எழுதி மூடிவைக்கும் ஏடு அன்று. பள்ளி மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டித் தரும் சிறு நிரல் ஒன்றை எழுதினீர்கள் என்று கொள்வோம். அதில் எக்ஸ் என்பது கணக்குப் பாட மதிப்பெண், ஒய் என்பது மொத்தம் என்று எழுதிய வாரத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆறு திங்கள் கழிந்தால் எழுதிய உங்களுக்கே அது அயலார் எழுத்துப் போலத் தோன்றும். அப்போது செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு புதிய விதி வருகிறது. பழையதைத் தொட அஞ்சி, அதன் பக்கத்திலேயே புதிதாகப் பத்து வரி எழுதிச் சேர்க்கிறீர்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பத்து வரி. இவ்வாறு அச்சத்தினால் வளர்ந்த நிரல், ஒருவருக்கும் முழுதும் விளங்காத ஒன்றாகிவிடுகிறது.

அந்த அச்சம் வீணானதும் அன்று. அமெரிக்காவில் பங்கு வாணிகம் செய்துவந்த நைட் கேப்பிடல் என்னும் நிறுவனத்திற்கு 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் நேர்ந்ததைக் கேளுங்கள். அந்நிறுவனத்தின் நிரலில் பவர் பெக் என்னும் பழைய பகுதி ஒன்று இருந்தது. 2003ஆம் ஆண்டில் அதனைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டனர். ஆனால் நிரலிலிருந்து நீக்கவில்லை. 2005ஆம் ஆண்டில், கேட்ட பங்குகளுள் எத்தனை வாங்கியாயிற்று என்று எண்ணிக்கை வைக்கும் பகுதியை நிரலில் வேறோர் இடத்திற்கு நகர்த்தினர். நகர்த்திய பிறகு பவர் பெக் பகுதியைச் சோதிக்கவில்லை. 2012இல் புதிய பகுதி ஒன்றைச் சேர்த்தபோது, முன்பு பழைய பகுதியை இயக்கி வந்த அடையாளக் குறியையே புதியதற்கும் வைத்தனர். மொத்தம் இருந்த 8 கணிப்பொறிகளுள் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டனர். அந்த ஒன்றில் அக்குறி பழைய பொருளையே உணர்த்தியது. ஒன்பது ஆண்டுகள் உறங்கிய பகுதி விழித்துக்கொண்டது. எண்ணிக்கை வைக்கும் பகுதி இடம் மாறிவிட்டமையால், 'போதும்' என்று நிற்கத் தெரியாமல் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் விளைந்த இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். மறு ஆண்டில் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து தன் தனிநிலையை இழந்தது.

இக்கதையில் மூன்று குற்றங்கள் உள்ளன. பயன் தீர்ந்ததை நீக்காமை ஒன்று. நகர்த்தியதைச் சோதிக்காமை இரண்டு. ஒரு குறிக்கு இரண்டு பொருள் தந்தமை மூன்று. தொடாமல் விட்டதும் தீங்காயிற்று. கவனமின்றித் தொட்டதும் தீங்காயிற்று. ஆகவே நமக்கு வேண்டுவது, பொருள் கெடாமல் தொடும் முறை. அம்முறைக்கு எடிட்டர்கள் எவ்வளவு தூரம் துணை வரும்?

முதலில், எழுத்தைக் காண்பதற்கும் பொருளைக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ச் சொல் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். சிற்பிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் 'கல்' என்னும் சொல்லை எல்லாம் 'பாறை' என்று மாற்ற விரும்புகிறோம். எழுத்தை மட்டும் காணும் கருவியிடம் இவ்வேலையை ஒப்படைத்தால், 'கல்வி' என்பது 'பாறைவி' ஆகும். 'கல்லூரி' என்பது 'பாறைலூரி' ஆகும். தனிச் சொல்லாக நிற்கும் 'கல்'லை மட்டும் மாற்று என்று கட்டளையிட்டால் இக்குறை நீங்கும். ஆனால் 'பாடத்தை ஊன்றிக் கல்' என்று ஏவும் இடத்திலும் அதே எழுத்துக்கள் தனிச் சொல்லாக நிற்கின்றனவே! அங்கே கல் என்பது வினை, பொருள் வேறு. எழுத்தைக் கொண்டு இதனைப் பிரித்தறிய இயலாது; வாக்கியத்தின் இலக்கணம் தெரிந்தாக வேண்டும். இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 'கற்சிலை', 'கற்றூண்' என்னும் சொற்களில் கல் புணர்ச்சியால் உருமாறி ஒளிந்திருக்கிறது. தேடுகின்ற கருவியின் கண்ணுக்கு அது அகப்படுவதே இல்லை.

நிரலிலும் இம்மூன்று நிலைகளும் அப்படியே உள்ளன. 'டோட்டல்' என்னும் பெயரை மாற்றப் போனால் 'சப்டோட்டல்' என்னும் பெயரும் சேர்ந்து சிதையும். இது முதல் நிலை. மதிப்பெண் கூட்டும் பகுதியில் ஒரு 'டோட்டல்', கட்டணம் கூட்டும் பகுதியில் வேறொரு 'டோட்டல்' இருக்கும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இது இரண்டாம் நிலை. நிரல் ஓடும் வேளையில் 'டோ' என்ற துண்டையும் 'ட்டல்' என்ற துண்டையும் ஒட்டிப் பெயரை உண்டாக்கிக்கொள்ளும் இடமும் இருக்கலாம். இது மூன்றாம் நிலை. எந்த எடிட்டரை மதிப்பிடுவதாயினும், இம்மூன்றனுள் எதுவரை அது வெல்கிறது என்று பாருங்கள்.

எழுத்தைக் கையாளும் எடிட்டர்களுள் பழமையும் பெருமையும் வாய்ந்தவை இரண்டு. ஒன்று, பில் ஜாய் என்பவர் 1976ஆம் ஆண்டளவில் உருவாக்கிய விஐ. மற்றொன்று, அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஈமாக்ஸ். விஐயின் வழித்தோன்றலான விம் என்பதை பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டார். இவை மிக இலேசானவை. பழைய கணிப்பொறியிலும் விரைந்து இயங்கும். தொலைவில் உள்ள கணிப்பொறியில் புகுந்து வேலை செய்வதற்கும் ஏற்றவை. சொல்லை முழுச் சொல்லாகத் தேடவும், ஒவ்வோர் இடத்திலும் 'மாற்றவா?' என்று கேட்டுக் கேட்டு மாற்றவும் இவற்றால் இயலும். ஆயினும் இவற்றின் இயல்பான ஆற்றல் முதல் நிலையை வெல்வதோடு நின்றது. இரண்டாம் நிலையை மனிதரின் கண்ணும் பொறுமையுமே வெல்ல வேண்டியிருந்தது.

பொருளைக் காணும் கருவி எவ்வாறு காண்கிறது? தமிழ் ஆசிரியர் ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பகுத்துக் காட்டுவது போல, அக்கருவி நிரல் முழுவதையும் இலக்கணப்படி பகுத்து, மரம் போன்ற ஓர் அமைப்பாக மனத்தில் வைத்துக்கொள்கிறது. அத்துடன் ஒவ்வொரு பெயரும் எந்த இடத்தில் பிறந்தது, அதன் ஆட்சி எந்த எல்லை வரை செல்லும், அதனை யார் யார் பயன்படுத்துகின்றனர் என்று ஒரு பேரேடும் எழுதிக்கொள்கிறது. பெயரை மாற்று என்று நாம் சொன்னால் அது எழுத்தைத் தேடுவதில்லை, பேரேட்டைப் புரட்டுகிறது. மதிப்பெண் 'டோட்டல்' மாறும்; கட்டணத்து 'டோட்டல்' அசையாது. நீங்கள் இடும் புதுப்பெயர் அதே எல்லையில் முன்னரே வேறொன்றுக்கு வழங்கி வருமாயின், நல்ல கருவி அதனையும் எடுத்துக்கூறி எச்சரிக்கும்.

இதற்கு அறிவுத்துறை அடிப்படை இட்டவர்களுள் வில்லியம் ஒப்டைக் என்பவர் குறிப்பிடத்தக்கவர். எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் ஒரு மாற்றம் நிரலின் வேலையைக் கெடுக்காது என்பதை, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1992இல் அளித்த ஆய்வேட்டில் அவர் ஆராய்ந்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஜான் பிரான்ட், டான் ராபர்ட்ஸ் ஆகிய இருவரும் ஸ்மால்டாக் என்னும் மொழிக்குச் சீரமைப்புக் கருவி ஒன்றை அமைத்தனர். 1999இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய நூல் இக்கலையை உலகெங்கும் பரப்பியது. அதன்பின் 2001ஆம் ஆண்டில் ஜாவா மொழிக்கென இரண்டு பெரிய எடிட்டர்கள் வெளிவந்தன. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெல்லிஜே ஐடியா ஒன்று. ஐபிஎம் நிறுவனம் பொதுவுடைமையாக வழங்கிய எக்லிப்ஸ் மற்றொன்று. எழுதுதல், பகுத்தறிதல், சோதித்தல், ஓட்டுதல் ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் அமைந்தமையால் இவற்றை ஒருங்கிணைந்த சூழல்கள் என்பர்.

அன்றாட வேலையில் இவை செய்யும் உதவிகளுள் பெயர் மாற்றத்திற்கு அடுத்தபடி முதன்மையானது, நீண்ட பகுதியிலிருந்து சில வரிகளைப் பிரித்துத் தனிச் செயற்கூறு ஆக்குவது. எளிய வேலை போலத் தோன்றும்; ஆனால் கருவியின் அறிவு இங்கேதான் வெளிப்படுகிறது. நாற்பது வரியுள்ள நிரலில் நடுவே உள்ள எட்டு வரிகளைப் பிரிக்கிறோம் என்க. அந்த எட்டு வரிகளுக்கு வெளியிலிருந்து எந்தெந்த மதிப்புகள் வேண்டும்? அவற்றைப் புதிய செயற்கூறுக்கு உள்ளீடாகத் தர வேண்டும். அந்த எட்டு வரிகள் மாற்றிய எந்த மதிப்பு பின்னால் தேவைப்படுகிறது? அதனைத் திருப்பித் தர வேண்டும். திருப்பித் தர வேண்டியவை இரண்டாக இருந்தால் ஜாவா போன்ற மொழியில் நேராகத் தர வழியில்லை. அப்போது தேர்ந்த கருவி, 'இதனை இவ்வாறு பிரிக்க இயலாது' என்று மறுத்துவிடுகிறது. மாணவர்களே, இந்த மறுப்பே கருவியின் சிறந்த பண்பு. எதைக் கேட்டாலும் தலையசைக்கும் உதவியாளரை விட, தவறு வரும் இடத்தில் நிறுத்துகின்றவர் நமக்கு நன்மை செய்கிறார்.

இவையன்றி, செயற்கூறின் உள்ளீடுகளை மாற்றினால் அதனை அழைக்கும் இடங்களையும் திருத்துதல், ஒன்றை வேறு கோப்புக்கு நகர்த்துதல், எங்கும் பயன்படவில்லை என்று பார்த்த பிறகே நீக்குதல் ஆகியவற்றிலும் ஒருங்கிணைந்த சூழல்கள் வல்லவை. மாற்றம் செய்யுமுன், எந்தெந்த வரி எவ்வாறு மாறும் என்று முன்காட்சியும் தரும். ஆனால் வசதிக்கு விலை உண்டு. பேரேடு எழுதுவதற்கு அவை மிகுந்த நினைவகத்தைக் கேட்கும். பெரிய நிரல் தொகுதியைத் திறந்தால், பகுத்து முடிக்கும்வரை காத்திருக்க நேரும். பத்தாண்டுப் பழமையான ஆய்வகக் கணிப்பொறியில் இந்தச் சுமை நன்றாகத் தெரியும்.

இலேசான எடிட்டருக்கும் இந்த அறிவைத் தர இயலாதா என்ற வினாவுக்கு 2016ஆம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டரை வெளியிட்டிருந்தது. மொழி பற்றிய அறிவை எடிட்டருக்குள் வைக்காமல், மொழிச் சேவகம் என்னும் தனி நிரலில் வைத்து, இரண்டும் பேசிக்கொள்வதற்குப் பொது நெறி ஒன்றை அந்நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் அறிவித்தது. இதன் நன்மையைக் கணக்காலேயே அறியலாம். 10 எடிட்டர்களும் 10 மொழிகளும் இருந்தால், முன்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 100 இணைப்புகள் எழுத வேண்டும். பொது நெறி வந்தபின் 10 எடிட்டர்கள் அந்நெறியைக் கற்கின்றன, 10 சேவகங்கள் அந்நெறியைக் கற்கின்றன. 20 வேலைகளே போதும். ஜாவா பற்றி எக்லிப்ஸ் பெற்றிருந்த அறிவு இவ்வழியாகவே விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கும் வந்து சேர்ந்தது. விம்மின் கிளையான நியோவிம்மில் 2021 முதலும், ஈமாக்ஸில் அதன் 29ஆம் பதிப்பு வெளிவந்த 2023 முதலும் இந்நெறி உடன்பிறந்ததாகவே அமைந்துள்ளது. பழைய எடிட்டர்களும் இரண்டாம் நிலையை வெல்லத் தொடங்கிவிட்டன.

எனினும் சேவகங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. பெயர் மாற்றத்தைப் பல சேவகங்கள் நன்கு செய்யும். செயற்கூறு பிரித்தல் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே 'எந்த எடிட்டர் சிறந்தது?' என்று கேட்பதை விட, 'என் மொழிக்கு இந்த எடிட்டரில் எந்தச் சீரமைப்புகள் கிடைக்கின்றன?' என்று கேட்பதே பயன் தரும். மொழியின் இயல்பும் இதில் கலந்துள்ளது. ஜாவாவில் ஒவ்வொரு பெயரும் எவ்வகைப் பொருளைக் குறிக்கும் என்பது நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும். கருவி ஐயமின்றி நடக்கும். பைத்தானில் அவ்வாறு எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அங்கே கருவி சில இடங்களில் ஊகிக்க வேண்டியவாறாகிறது. அதன் மாற்றங்களை நாம் ஒருமுறை கண்ணால் படித்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் நிலையை, அதாவது துண்டுகளாய் ஒட்டி உண்டாகும் பெயரை, எந்தக் கருவியும் முற்றும் வென்றதில்லை. மேற்கோள் குறிக்குள் சொற்றொடராக நிற்கும் பெயர், தரவுத்தளத்தில் உள்ள பெயர், வேறொருவர் கணிப்பொறியில் இருந்துகொண்டு உங்கள் நிரலை அழைக்கும் பெயர் ஆகியவையும் கருவியின் பேரேட்டுக்கு வெளியே உள்ளவை. நைட் கேப்பிடலின் எட்டாவது கணிப்பொறியை எந்த எடிட்டரின் திரையும் காட்டியிராது.

அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவுத் துணைகளும் எடிட்டர்களுக்குள் வந்துவிட்டன. 'இப்பகுதியைச் செப்பம் செய்' என்று நம் மொழியில் சொன்னால் அவை செய்து தருகின்றன. பெயர் பொருந்தவில்லை என்று தாமே சொல்லி நல்ல பெயரையும் முன்மொழிகின்றன. இவற்றுக்கும் முன்சொன்ன கருவிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மறவாதீர்கள். முன்னையவை நிபந்தனைகளைச் சரிபார்த்து மாற்றுகின்றன; முடியாவிட்டால் மறுக்கின்றன. இவை எது பொருந்தும் என்று கணித்து எழுதுகின்றன. செப்பம் செய்யும்போதே வேலையையும் சற்று மாற்றிவிடக்கூடும். ஆகவே இவை தருவதை, நண்பர் திருத்தித் தந்த கட்டுரையைப் படிப்பது போல வரி வரியாகப் படித்து, சோதித்த பின்னரே ஏற்க வேண்டும்.

எனவே, பெரிய ஜாவா நிரலில் நாள்தோறும் உழைப்பவர்க்கு ஒருங்கிணைந்த சூழல் தகும். பல மொழிகளைப் பயிலும் மாணவர்க்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்றது தகும். தொலைவிலுள்ள கணிப்பொறிகளைப் பேணுவோர்க்கும், சிறிய கணிப்பொறி உடையோர்க்கும் விம் போன்றது தகும். என் சொல்லை மட்டும் நம்ப வேண்டா. நீங்களே சோதித்துப் பாருங்கள். முப்பது வரியில் ஒரு நிரல் எழுதுங்கள். அதில் ஒரே பெயரை இரண்டு செயற்கூறுகளில் வையுங்கள். அப்பெயர் உள்ளடங்கிய நீண்ட பெயர் ஒன்றையும், மேற்கோள் குறிக்குள் அதே பெயரையும் வையுங்கள். பின் ஒவ்வோர் எடிட்டரிலும் அதனை மாற்றிப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் எஃப்2 விசை, இன்டெல்லிஜேயில் ஷிஃப்ட் விசையோடு எஃப்6, எக்லிப்ஸில் ஆல்ட், ஷிஃப்ட் விசைகளோடு ஆர். எது மாறியது, எது மாறாமல் நின்றது என்று ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் அந்தக் கருவியின் எல்லை உங்களுக்கு விளங்கிவிடும்.

எந்தக் கருவியை எடுத்தாலும் மூன்று பழக்கங்களைக் கைவிடாதீர்கள். விடை தெரிந்த சில கணக்குகளைச் சோதனைகளாக எழுதி வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் கிட் போன்ற பதிவு முறையில் பதிந்து வையுங்கள். தவறினால் ஒரு படி திரும்பலாம். சீரமைப்பையும் புது வேலையையும் ஒரே வேளையில் கலவாதீர்கள். கலந்தால் பிழை எதனால் வந்தது என்று காண்பது அரிதாகும். இவை இருந்தால் ஓடுகின்ற நிரலைத் தொடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

பெயரை ஆயிரம் இடங்களில் ஒரு நொடியில் மாற்றுவது கருவியால் ஆகும். எந்தப் பெயர் அந்தப் பொருளுக்கு உண்மையானது என்று தீர்ப்பது, நிரலின் பொருளை அறிந்தவர் பொறுப்பு. எக்ஸ் என்று எழுதிய இடத்தில் 'கணக்கு மதிப்பெண்' என்று எழுதுங்கள். உங்களுக்குப் பின் அதனைப் படிக்கப் போகும் மாணவர் அச்சமின்றி அதில் கை வைப்பார்.